நாச்சிமுத்து அய்யாவும் வலப்பக்கம் போகும் பந்தும்

கோல்ஃப் சொல்லிக்கொடுப்பவர்களின் ஆயுளில் பாதி, பந்து போன திசையைப் பார்த்து "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்று சொல்வதிலேயே கழிந்துவிடும். மீதிப் பாதி அந்தப் பந்தைத் தேடுவதில் போய்விடும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள், பாட்டு டீச்சர்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் பழக்குகிறவர்கள் எல்லோரும் என் இனம். நமக்கெல்லாம் ஒரே வியாதி. எதிரே நிற்பவர் கையில் இருப்பதைப் பிடுங்கி நாமே செய்துவிடலாமா என்று உள்ளங்கை அரிக்கும். ஆனால் முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது.

நான் மலைமேல் இருக்கும் ஏலப்பாறைக்காரி. அப்பா அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் கிளப்பில் கோல்ஃப் ஆட வருகிறவர்களின் பை சுமந்தவர். அந்தப் பைகளின் பின்னால் ஓடி ஓடித்தான் எனக்கும் ஆட்டம் வந்தது. பிறகு முறைப்படி பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கினேன். இப்போது வேலை பார்ப்பது பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கோவிந்தாபுரம் பக்கம். தங்கராசு அண்ணன் என்ற விவசாயி, தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோன தென்னந்தோப்பை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கோல்ஃப் பயிற்சித் திடல் போட்டிருக்கிறார். குழி, கொடி எல்லாம் கிடையாது. தென்கோடியில் வரிசையாகப் பச்சைப் பாய் விரித்திருக்கும். மலையை முதுகுக்குப் பின்னால் விட்டு, வடக்கே பார்த்து அடிக்கவேண்டும், அவ்வளவுதான். ஜெசிந்தா என்ற என் பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. இங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்.

மம்முட்டிப் பிடி

நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த மாதம், கார்த்திகையில், நாச்சிமுத்து அய்யா வந்தார். அறுபதைத் தாண்டியவர். தென்னை விவசாயம். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயின்மேல் ஏறினார். கோல்ஃப் கம்பை அவர் கையில் கொடுத்ததும் அதை மண் வெட்டும் மம்முட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். தலைக்குமேல் தூக்கினார். பந்துக்குப் பின்னால் இருந்த தரையை ஒரே போடாகப் போட்டார். பாய் மடங்கிக்கொண்டது. பந்து அசையவில்லை. "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்றேன்.

இந்த வயதில் எதற்காக இந்த ஆசை என்று எல்லோரிடமும் கேட்பதுபோல் அவரிடமும் கேட்டேன். பொழுதுபோக்கு, உடம்புக்கு நல்லது என்று ஏதாவது சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் கம்பைக் கீழே வைத்துவிட்டு, பாயை ஒரு பக்கம் இழுத்து நேர் பண்ணினார். பிறகு சொன்னார்: "என்ற பையன் ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருக்கறானுங்க டீச்சர். அவங்கம்மா போனதுக்கப்புறம் போன்ல சாப்டியா, சாப்டேனுங்ப்பா, அத்தோட செரி. போன வருசம் அங்க போயிருந்தேன். அவனுக்கு வேலை, வேலை, வேலை. சனிக்கெழமை காத்தால மட்டும் இந்த ஆட்டத்துக்குப் போவான். வர்றீங்களாப்பான்னு கேட்டான். எனக்கு வராது சாமின்னு சொல்லீட்டு சன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தேனுங்க. ஆவணியில மறுக்காப் போறேன். அவன்கூட ஒருக்கா நடந்துட்டு வரோணும், அதுக்குத்தானுங்க."

கிழக்கே இருந்து வந்த அதிர்ஷ்டம்

மம்முட்டி பிடித்துப் பழகிய கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கம்பு வெளியிலிருந்து உள்பக்கமாக இழுத்து வெட்டும். அப்படி வெட்டினால் பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் ஏதோ மறந்துபோனதுபோல் வலப்பக்கம் வளைந்து போய்விடும். எங்கள் தொழிலில் இதற்கு ஸ்லைஸ் என்று பெயர். உலகத்தில் கோல்ஃப் கற்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் உண்டு. எங்கள் திடலில் எல்லோருக்கும் உண்டு.

ஆனால் அந்தக் கார்த்திகை, மார்கழியில் ஒரு அதிசயம் நடந்தது. நாச்சிமுத்து அய்யாவின் பிடியைக் கொஞ்சம் திருத்தினேன், நிற்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினேன். பந்து நூல் பிடித்தமாதிரி வடக்கே போனது. அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். தை பிறப்பதற்குள் எங்கள் திடலில் வலப்பக்கம் பார்க்கவேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. தங்கராசு அண்ணன் எனக்குச் சம்பளத்தை உயர்த்துவதாகவே சொல்லிவிட்டார். கைராசிக்காரி என்று ஊருக்குள் பேச்சு. கைராசியில் நம்பிக்கை இல்லாத நான்கூட ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

நாச்சிமுத்து அய்யா பந்து போன திசையை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க டீச்சர், இத்தன லேசான வேலைக்குங்களா என்ற பையன் மாசாமாசம் பணங்கட்டி ஆடறான்?"

வீடியோ சார்

கல்பாத்தியிலிருந்து ராமநாதன் சார் வருவார். ஓய்வுபெற்ற இன்ஜினீயர். இவருக்கு நான் ஒரு டீச்சர் என்றால், போனுக்குள் இருபது டீச்சர்கள் இருந்தார்கள். ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்துவிட்டு வந்து பந்துக்குமுன் நிற்பார். இடது தோளை இறக்குவார், வலது முழங்காலைக் கொஞ்சம் மடிப்பார், தாடையை உயர்த்துவார், மூச்சை இழுத்துப் பிடிப்பார். எல்லாம் சரியாக அமைந்த நிமிடத்தில் முதலில் என்ன செய்தோம் என்பது மறந்துபோய், மறுபடி தோளிலிருந்து ஆரம்பிப்பார். பக்கத்துப் பாயில் இருப்பவர் ஒரு கூடை நிறைய இருந்த பந்துகளை அடித்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். சார் அப்படியே நிற்பார்.

கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு வாரத்துக்கு வீடியோவே பார்க்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனிதர், சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அடுத்த வாரம் வந்து, நின்றவுடனே அடித்தார். பந்து அழகாகப் பறந்தது. நான் கைதட்டினேன். அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. "பந்து போறது டீச்சர், நான் இல்லேங்கலை. ஆனா ஒரு வாரமா நான் போனைத் தொடலையா, ஆத்துல எல்லாரும் எனக்கு உடம்புக்கு என்னவோன்னு பயந்து ரத்தப் பரிசோதனைக்கு அழைச்சுண்டு போயிட்டா."

காற்று திரும்பியது

கோடை வெயிலுக்கு மூடிய திடலை ஆனி மாதத்தில் மறுபடி திறந்தோம். ஒருநாள் காலை வழக்கம்போல் வந்தேன். தென்னை ஓலைகளெல்லாம் கிழக்குப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து அய்யா முதல் பந்தை அடித்தார். நேராகக் கிளம்பியது. வழியில் வளைந்தது. வளைந்து, இன்னும் வளைந்து, வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்துத் தென்னைகளுக்குள் போய் மறைந்தது. அடுத்த பந்தும் அதே வழி. பக்கத்துப் பாயில் ராமநாதன் சார் பந்து, அதற்கடுத்த பாயில் கொல்லங்கோட்டிலிருந்து ஆட வரும் டாக்டரின் பந்து, எல்லாம் ஏதோ கல்யாணத்துக்குப் போவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வேலியைத் தாண்டின.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இரண்டு காற்று. கார்த்திகையில் கிழக்கே இருந்து அடிக்கும். மலையாளத்தார் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும். வடக்கே பார்த்து அடிக்கிறவனுக்கு வலப்பக்கம் என்பது கிழக்கு. கார்த்திகை, மார்கழியில் எங்கள் ஆட்களின் பந்து வலப்பக்கம் வளைய வளைய, கிழக்குக் காற்று ஒரு பொறுப்பான போலீஸ்காரர் மாதிரி அதைத் திரும்பத் திரும்ப நடுவுக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. நான் யாருக்கும் எதையும் குணப்படுத்தவில்லை. மலைக்கு மேலே பனிமூட்டத்தில் ஆடிப் பழகியவளுக்கு இந்தக் காற்றின் கணக்கு தெரியவில்லை.

திடல் போட்ட முதல் ஆடியிலேயே காற்றில் கிழிந்துபோன, பந்து தாண்டாமல் கட்டியிருந்த கிழக்குப் பக்கத்து வலையைத் தேங்காய்ப்பருப்பு காயவைக்க எடுத்துக்கொண்டுபோன தங்கராசு அண்ணனுக்காவது தெரிந்திருக்குமே என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "காத்து திரும்பும்னு பொறந்ததுல இருந்து தெரியுமுங்க டீச்சர். அதுகூட உங்க பந்தும் திரும்பும்னு நான் என்னத்தக் கண்டேன்!"

பாப்பாத்தி அக்காவின் பூட்டு

வேலிக்குக் கிழக்கே இருப்பது தங்கராசு அண்ணனின் சித்தப்பா மகள் பாப்பாத்தி அக்காவின் தோட்டம். அவர் தென்னைகளைக் கள்ளு இறக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். மரத்துக்கு மரம் பானை தொங்கும். மரத்தடியில் தகரக் கூரை போட்ட மாட்டுச்சாளை. இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். ரோட்டிலிருந்து எங்கள் திடலுக்கு வரும் ஒரே வழி அந்தத் தோட்டத்துக்குள்தான் போகிறது. வாய்வார்த்தையில் விட்ட வழி. அதற்கு ஒரு இரும்பு கேட், அக்காவுக்குச் சொந்தமானது.

அந்த வாரம் ஒரு கள்ளுப் பானை உடைந்தது. இன்னொரு பானையில் பந்து உடைக்காமல் உள்ளே விழுந்திருக்கிறது. மரம் ஏறிய ஆள் கள்ளு வாசனையோடு அதைக் கொண்டுவந்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதையெல்லாம் அக்கா பெரிதுபடுத்தவில்லை. அடுத்து ஒரு பந்து மாட்டுச்சாளைத் தகரத்தில் விழுந்தது. கறந்துகொண்டிருந்த மாடு வாளியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. வழி அடைத்தால் திடல் இல்லை, திடல் இல்லையென்றால் வேலை இல்லை. நாச்சிமுத்து அய்யா ஆவணியில் சன்னலுக்குப் பின்னால்தான் நிற்பார். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "ஏனம்மிணி, நீயும் பாவம், பொழைக்க வந்த புள்ள. ஆனா இந்தத் தகரச் சத்தத்துக்கு என்ற மாடு ரெண்டு நாளாப் பால் எறக்க மாட்டீங்குது. ஆடி முடியற மட்டும் பாக்கறேன். அதுக்குள்ள இன்னொரு பந்து வேலியத் தாண்டுச்சுன்னா இந்தப் பூட்டு அந்தக் கேட்டுல தொங்கும். அப்பறம் எங்க தங்கராசு வந்து கெஞ்சுனாலும் தொறக்கமாட்டேன், நீ அழுவாத."

குமுளியில் இருக்கும் காது

அழாதே என்று சொன்னால்தான் எனக்கு அழுகை வரும். அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் இப்போது குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். பை சுமந்த காலத்தில் பாதி நாள் பனிமூட்டம் இறங்கிப் பந்து எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. அடிக்கும் சத்தத்தை வைத்தே பை தூக்குகிறவர்கள் நடந்து போய்ப் பந்தை எடுப்பார்கள். அந்தப் பழக்கம் அப்பாவுக்கு இன்றும் போகவில்லை. வீட்டில் யார் எந்தப் பாத்திரத்தைக் கீழே போட்டார்கள் என்று வாசலில் இருந்தே சொல்வார்.

நான் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் நாச்சிமுத்து அய்யா சின்னக் கம்பை வைத்து ஒரு பந்து அடித்தார். அது வேலி வரைக்கும் போகாது என்பதால் அனுமதித்திருந்தேன். போனுக்குள் அப்பா சட்டென்று பேச்சை நிறுத்தினார். நான் வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறேன், எஸ்டேட்டுக்கே திரும்பி வந்துவிடவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவர் காதில் அதெல்லாம் ஏறவேயில்லை. "யாரும்மா அது அடிச்சது? வெட்டுன சத்தம்ல கேக்குது. பந்து அங்கிட்டு வலதுபக்கம் போயிருக்குமே! அந்த ஆளு கையத் தூக்கிப் போடுறாரு, இடுப்பு தூங்குது. எழுப்பிவிடு தாயி, நீ அழுறத அப்புறமா அழுதுக்கலாம்."

ஆளுக்கொரு வைத்தியம்

விஷயம் வெளியே தெரிந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். இதை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்; நம் தொழிலில் கஷ்டம் வந்தால் மற்ற எல்லோருக்கும் அந்தத் தொழில் நன்றாகத் தெரிந்துவிடும். ராமநாதன் சார் ஒரு காகிதத்தில் அம்புக்குறியெல்லாம் போட்டு, இடப்பக்கம் குறிவைத்து அடித்தால் பந்து வளைந்து நடுவில் விழும் என்று நிரூபித்தார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இடப்பக்கம் பார்த்து நிற்க நிற்க, கம்பு இன்னும் வெளியிலிருந்து இழுக்கும், பந்து இன்னும் அதிகமாக வளையும்.

தங்கராசு அண்ணன் யோசனைதான் பெரியது. பாயையெல்லாம் வடகோடிக்குக் கொண்டுபோய்விடலாம், ஆடியில் தெற்கே பார்த்து அடிக்கட்டும் என்றார். அப்போது வலப்பக்கம் என்பது மேற்கு. மேற்குக் காற்று பந்தை நடுவுக்குத் தள்ளிவிடும். கார்த்திகையில் மறுபடி தென்கோடி. வருஷத்துக்கு இரண்டுதரம் பாயைச் சுமந்தால் போதும், ஒருவருக்கும் ஸ்லைஸ் இல்லை. சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. வேலை நிலைக்கும், பூட்டு தொங்காது, கைராசிப் பட்டமும் மிஞ்சும். பாயைச் சுருட்டக்கூட ஆரம்பித்துவிட்டோம்.

நாச்சிமுத்து அய்யா மட்டும் தன் பாயைவிட்டு இறங்கவில்லை. "அது இங்கத்திக்குச் செரிதான் தங்கராசு. பெர்த்துல காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு உனக்குத் தெரியுமா? நம்ம காத்தைச் சாக்குல கட்டி ஏரோப்ளேன்ல கொண்டுபோக உடுவாங்களா?"

பிக்கப் வண்டியில் தேங்காய்

பாய்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆடி பாதியும் போய்விட்டது. நீளக் கம்பை யாரும் தொடக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். அப்பா சொன்ன இடுப்பை எழுப்ப எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்துபார்த்தேன். முழங்கை விலாவைவிட்டு விலகாமல் இருக்க அய்யாவின் வலது அக்குளில் துண்டை மடித்து வைத்தேன். காற்று துண்டைக் கொண்டுபோனது. இடுப்பைத் திருப்புங்கள் என்றால் தலையைத் திருப்பினார். தலையைத் திருப்பாதீர்கள் என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கற்சிலை மாதிரி நின்றார். பாவம், வியர்த்து விறுவிறுத்து, "நான் மண்டுங்க டீச்சர், உங்க நேரத்தக் கெடுக்கறேன்" என்று சொல்லுவார். எனக்கு மனசு கனத்துப்போகும்.

ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தோம். தங்கராசு அண்ணனின் மிச்சத் தோப்பிலிருந்து உரித்த தேங்காயை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் வரவில்லையாம். நாச்சிமுத்து அய்யா வேட்டியை இறுக்கிக்கொண்டு தானும் ஒரு கை கொடுத்தார். தரையிலிருந்து எடுத்து, வலது இடுப்பிலிருந்து இடப்பக்கம் வண்டிக்குள் வீசுகிறார். கால் ஊன்றுகிறது, இடுப்பு முதலில் திரும்புகிறது, முழங்கை விலாவை ஒட்டிக்கொண்டே வருகிறது, கடைசியில்தான் கை. மாதக்கணக்காக நான் படம் போட்டு விளக்கியது அத்தனையும் என் கண்முன்னால் தேங்காய் தேங்காயாக வண்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

கத்திவிட்டேன். அய்யா பயந்துபோய்த் தேங்காயைக் காலில் போட்டுக்கொண்டார். அவரை அப்படியே பாய்க்கு இழுத்துக்கொண்டுபோய், கம்பு என்பதை மறந்துவிடுங்கள், தேங்காயை வண்டிக்குள் வீசுங்கள் என்றேன். வீசினார். பந்து வெட்டும் சத்தமில்லாமல் கிளம்பி, மேற்குக் காற்றிலும் வளையாமல் போனது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு பாய்க்குப் பக்கத்திலும் உரித்த தேங்காய் இரண்டு. டாக்டர் வீசினார், ராமநாதன் சார் வீடியோ எடுத்துக்கொண்டே வீசினார். அடிபட்ட காலைத் தேய்த்தபடி நாச்சிமுத்து அய்யா கேட்டார்: "இதத்தான் வேணும்னா மொதல் நாளே சொல்லியிருக்கலாமில்லீங்க டீச்சர்? என்ற தோப்புல இருந்தே ரெண்டு லோடு கொண்டாந்திருப்பேன்."

கையில் பூட்டோடு ஒரு பார்வையாளர்

ஆனாலும் நீளக் கம்பை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தூரம் போகும் பந்துதான் வளைந்தாலும் அதிகமாக வளையும். அய்யாவுக்கு விமானம் ஏறும் நாள் நெருங்கிவிட்டது. அங்கே போய் மகனுக்கு முன்னால்தான் இந்தப் புது வீச்சில் நீளக் கம்பை முதல்முறை எடுக்கவேண்டும் என்றால் அது நியாயமில்லை. கடைசியில் நானே வேலி ஓரம் போய்ப் பாப்பாத்தி அக்காவைக் கூப்பிட்டு, ஒரே ஒரு பந்து அடிக்க அனுமதி கேட்டேன். எதற்கு என்றும் சொன்னேன். சன்னல் விஷயத்தையும் சொன்னேன். அக்கா உள்ளே போய் மாட்டை அவிழ்த்துத் தூரத்தில் கட்டிவிட்டு, பூட்டை எடுத்துக்கொண்டு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

ஆடிக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. அய்யா தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பூட்டைப் பார்க்காதீர்கள் என்றேன். தேங்காயை வண்டிக்குள் வீசினார். பந்து மேலே போனது. உச்சியில் காற்று அதைப் பிடித்து வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்தியது. நான் மாதாவைக் கூப்பிட்டேன், தங்கராசு அண்ணன் முருகனைக் கூப்பிட்டார். பந்து வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்து, உருண்டு, வேலிக்கல்லில் தட்டி நின்றது.

எல்லோரும் கத்தினோம். நாச்சிமுத்து அய்யா கம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றார், கண் கலங்கியிருந்தது. அக்கா பூட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை, ஒரு வாட்டம்தான். "நல்லாத்தான் அடிச்சீங்க. ஆனா இங்க உழுந்த பந்தையெல்லாம் நான் கோழிக் கூடையில போட்டு வெச்சிருந்தேன். முட்டைன்னு நெனச்சுட்டு அதும்பக்கத்துலயே ஒழுங்கா முட்டையிட்டுட்டு இருந்துச்சுக. இனி அதுகளுக்கு நான் என்னத்தச் சொல்றது?"

ஒரு கூடை பழைய பந்து அன்றே கேட் வழியாக, முறைப்படி, அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பெர்த்திலிருந்து ஒரு போன்

ஆவணி பிறந்து நாச்சிமுத்து அய்யா கிளம்பிப் போனார். முதல் சனிக்கிழமை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மா மாதிரி, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மணி அடித்தது. வீடியோவில் அய்யா. தலையில் மகனுடைய தொப்பி. பின்னால் பெரிய பெரிய மரங்கள். பந்து நேராகப் போனதா என்றுதான் முதலில் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பகீரென்றது.

"கோவிச்சுக்கப்படாது டீச்சர். மொத ரெண்டு குழிக்குத் தேங்கா வீசற மாதிரியேதான் அடிச்சேனுங்க. நட்டநடுவுல போயி நின்னுச்சு. பையன் அசந்துபோயிட்டான். ஆனா அவன் பந்து ரெண்டுதரமும் வலப்பக்கம் வளைஞ்சு மரத்துக்குள்ள போயிருச்சுங்க. என்ற நோவு அவனுக்கும் இருக்குதுங்க! அவன் அங்க பந்தைத் தேடிட்டுப் போறான், நான் நடுவுல ஒண்டியா நடக்கறேன். ஒண்டியா நடக்கறதுக்குங்களா இத்தன தூரம் வந்தேன்? அடுத்த குழியில மம்முட்டியப் புடிக்கற மாதிரி புடிச்சு, பழையபடியே ஒண்ணு உட்டேன். அவன் பந்துக்குப் பக்கத்துலயே போயி உழுந்துச்சுங்க. அப்பறம் கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் அந்த மரத்துக்குள்ளயே நடந்தோம். அவங்கம்மாவப் பத்தி நெம்ப நேரம் பேசுனானுங்க. பந்து கெடைச்சதுக்கப்பறமும் தேடிட்டே இருந்தோம்."

மாதக்கணக்காகப் பாடுபட்டு நேராக்கிக் கொடுத்த பந்து வேண்டுமென்றே வளைக்கப்பட்டதைக் கேட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்று மனசாரச் சொன்ன பயிற்சியாளர் இந்தத் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.